புரியலன்னா தனியா கேளுங்க

"மின்னஞ்சல் வழியாகப் பெறப்படும் ஒவ்வொரு மாணவர் மனுவுக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புகை அனுப்பப்பட வேண்டும்."

எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையின் ஆறாவது பத்தி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். திருப்பதியில் அந்தக் கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளராக இருந்து நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதம் முன்பு வெளியானது. எழுதியவன் நானே. யார் அனுப்ப வேண்டும் என்று அதில் இல்லை. முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் அப்படி எழுதுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

இந்தப் பத்தியை நம்பிய ஒரே மாணவியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோப்பில் இருக்கிறது, அது போதும். கல்லூரியில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

காலை ஒன்பதே முக்காலுக்கு வராந்தாவில் அறிவிப்புப் பலகையின் முன்னால் வந்து நிற்பாள். ஒல்லி, தோளில் கறுப்புப் பை, வலது கையில் விரிசல் விட்ட கண்ணாடியோடு ஒரு போன். "ரேடியோ வச்சேசிந்தி சார்!" என்று அவள் வந்துவிட்டதை எங்கள் அட்டெண்டர் தெலுங்கில் கட்டியம் கூறுவார். அந்தப் பலகைக்கு மூன்று வருடத்தில் நான் கண்ட ஒரே வாசகி அவள். மற்ற மாணவர்கள் அதன் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போவார்கள்.

முதல் வருடம் ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். நான் தமிழ் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தாள்.

"சார், இந்த நோட்டீஸ்ல இன்னா சார் பண்ணச் சொல்றீங்க?"

"படித்தால் தெரியும். ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்."

"ஒரு பக்கமும் படிச்சேன் சார். எங்க போவணும், எப்போ போவணும், இன்னா எடுத்துக்கினு போவணும். மூணுதான சார் வேணும்? அத்த மட்டும் சொல்லுங்களேன்."

நான் அந்த அறிவிப்பை மேலிருந்து படித்துப் பார்த்தேன். பொருள், பார்வை, முந்தைய சுற்றறிக்கை எண், அதற்கு முந்தையது, எல்லாம் இருந்தன. அவள் கேட்ட மூன்றில் இரண்டு கடைசி வரியில் இருந்தன. மூன்றாவது இல்லவே இல்லை. தேர்வு விண்ணப்பத்தோடு இரண்டு புகைப்படம் கொண்டுவர வேண்டும் என்பதை எழுத மறந்திருந்தேன். அதை அவளிடம் வாயால் சொன்னேன். எழுத்தில் திருத்தம் வெளியிட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகும்.

அவள் படிக்கட்டின் அடியில் போய் நின்று போனை வாயருகே வைத்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்செய்தி பேசினாள். முதலில் தெலுங்கில், பிறகு புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகளுக்காகத் தமிழில். முப்பது விநாடிதான். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்: "புரியலன்னா தனியா கேளுங்க, குரூப்ல வேணாம்." குழுவில் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களாம். அதனால் அறுபத்து நான்கு பேரும் அவளிடம் தனித்தனியாகக் கேட்பார்கள், அவள் அறுபத்து நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வாள்.

அவளுடைய குணம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். வந்த செய்திக்குப் பதில் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் "ஆங்" என்றாவது அனுப்புவாள்.

"ஒரே கேள்வியைப் பத்து பேர் கேட்கிறார்கள். பத்து முறையா பதில் சொல்வாய்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சார் பத்தாவது தடவ. கேக்கறவனுக்கு மொத தடவதான?"

பையன்கள் கிண்டல் செய்யாமல் விடுவார்களா? வராந்தாவில் ஒருவன் கத்துவான்: "ஏய் ரேடியோ, இன்னிக்கி வானிலை இன்னா?"

"உன் ஏரியாவுல இடியோட மழ. இன்டர்னல் மார்க் போட்டுட்டாங்க, போய்ப் பாரு."

என் தலைமுறைக்கு இந்தப் பிள்ளைகளின் வழக்கம் எதுவும் பிடிபடவில்லை. எனக்கு அதை விளக்கியது அவள்தான். நான் கேட்டதில்லை. அவளாகச் சொல்வாள். ஒருமுறை அவசரமாக ஒரு விவரம் வேண்டியிருந்தது. அவள் எண்ணுக்கு அழைத்தேன். அழைப்பைத் துண்டித்துவிட்டு "சொல்லுங்க சார்" என்று செய்தி அனுப்பினாள். அலுவலகத்தின் அழைப்பைத் துண்டிப்பது எந்த விதியில் வரும் என்று மறுநாள் அவளிடம் கேட்டேன்.

"கோச்சிக்காதீங்க சார். எங்க பசங்க யாரும் போன் அடிக்க மாட்டோம். போன் அடிச்சா யாருக்கோ இன்னாவோ ஆயிட்ச்சின்னு அர்த்தம். மெசேஜ் பண்ணா பொறுமையா பாத்துப்போம்."

"அப்படியானால் மின்னஞ்சல் அனுப்புகிறேன்."

அவள் சிரித்தபடி போனைத் திருப்பிக் காட்டினாள். படிக்கப்படாத மின்னஞ்சல்கள் நாலாயிரத்துச் சொச்சம்.

"இதுல மனுஷன் யாருன்னா எழுதுவானா சார்? கம்பெனிக்காரன் எழுதுவான், பேங்க்குக்காரன் எழுதுவான். தொறக்கவே மாட்டோம்."

"வெட்கமாக இல்லையா? நாலாயிரம் தபாலைப் பிரிக்காமல் வைத்திருந்தால் எங்கள் அலுவலகத்தில் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள்."

இதைச் சொன்னவன் நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினால் வேலை முடிந்ததே, ஏன் பேசி அனுப்புகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். படத்தைப் பெரிதாக்கி யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் மதியம் அவள் சாப்பிடப் போகமாட்டாள். படிக்கட்டின் அடியில் போனைக் காதில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். வெள்ளிதான் அங்கே ஓய்வு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறாவது படிக்கும்போதிலிருந்து அம்மாவும் பெண்ணும் குரலை அனுப்பித்தான் பேசிக்கொள்கிறார்கள். சொந்த ஊரான வரதய்யபாளையத்தில் அப்பா மட்டும், அவளுக்கு நைனா. அவர் போன் பக்கமே வராதவர்.

"எட்டாவது படிக்கும்போது ஒருதபா எட்டு நாள் அம்மா பேசல சார். நான் அனுப்பினதெல்லாம் ஒரே ஒரு டிக்கோட நிக்குது. போய்ச் சேரல. அந்த வூட்டுக்காரங்க போன வாங்கி வெச்சிக்கினாங்களாம், அப்பறம்தான் தெரிஞ்சிது. அந்த எட்டு நாளு நைனாவும் நானும் சரியா துன்னல. அப்பலேர்ந்து எனக்கு யாருன்னா மெசேஜ் போட்டா உடனே ஒரு ஆங் சொல்லிடணும் சார். அந்தாண்ட இன்னா நெனச்சிக்கினு கீறாங்களோ."

அந்த அம்மா குவைத்திலிருந்து அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வைத்து, கையில் பட்டச் சுருளோடு ஒரு போட்டோ. அந்த வீட்டுக் குழந்தைகளின் அதே மாதிரி போட்டோவை அங்கே சுவரில் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

அவளுடைய குரல்செய்திகளில் ஒரு தனி வேலைப்பாடு இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவாள். முதல்முறை கேட்டபோது உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

"பசங்க எல்லாம் ரெண்டு மடங்கு ஸ்பீட்ல ஓட்டித்தான் கேப்பாங்க சார். அதனால நான் பாதி ஸ்பீட்ல பேசிடுவேன். அப்போ சரியாப் போவும்."

கடைசி வருடம் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. குழு வரும் என்றால் கோப்பு வேண்டும், கோப்பு என்றால் கருத்துக் கணிப்பு வேண்டும். 'மாணவர்கள் எவ்வழியில் தகவல் பெற விரும்புகிறார்கள்' என்று ஒரு படிவம் தயாரித்தேன். அறிவிப்புப் பலகை, மின்னஞ்சல், இணையதளம், எஸ்.எம்.எஸ். ஏதேனும் ஒன்றில் டிக் செய்க. வாட்ஸ்அப்பைச் சேர்க்கவில்லை. அது அலுவல்முறைச் சாதனம் அல்ல.

பத்தில் எட்டுப் பேர் மின்னஞ்சலில் டிக் செய்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டுப் படிவக் கட்டைக் காட்டினேன்.

"பார், உன் நண்பர்கள். மின்னஞ்சல்தான் வேண்டுமாம். கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்."

அவள் படிவங்களைப் புரட்டினாள். "ஐயோ சார். இது பரீட்ச மாதிரி நெனச்சி எழுதிக்கிறாங்க. எது சரியான பதில், சார் எத்த போட்டா சந்தோஷப்படுவாருன்னு பாத்து போட்டுக்கிறாங்க. இத்த நம்பி எதுவும் பண்ணிடாதீங்க."

நான் நம்பினேன். கையெழுத்திட்ட காகிதத்தை நம்பாவிட்டால் அலுவலகம் எதற்கு? 'மாணவர் விருப்பத்தின்படி இனி எல்லா மனுக்களும் மின்னஞ்சல் வழியாக மட்டுமே ஏற்கப்படும். வாட்ஸ்அப் செய்திகள் கவனிக்கப்படா' என்று சுற்றறிக்கை போட்டேன். ஆறாவது பத்தி அதில்தான் வருகிறது.

அவளுடைய படிவத்தை அன்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். எதிலும் டிக் இல்லை. கீழே தெலுங்கில் எழுதியிருந்தாள்: 'எதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள் சார். நாங்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள்.' விருப்பம் குறிக்கப்படாத படிவம் செல்லாது. அதன் தலையில் 'செல்லாது' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பமும் வைத்தேன்.

பிப்ரவரியில் அம்மா குவைத்திலிருந்து நோயோடு திரும்பி வந்தார். சிறுநீரகம். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இவள் ஐந்து வாரம் அங்கேயே இருந்தாள். அந்த ஐந்து வாரமும் ரேடியோ நிற்கவில்லை. யாராவது பலகையைப் படம் பிடித்து அனுப்புவார்கள், அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து மெதுவாகப் பேசி அனுப்புவாள். பின்னால் நர்ஸ் ஏதோ பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்கும். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் மருத்துவச் சான்றோடு மன்னிப்பு மனு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது, கடைசி நாள் இது என்று எல்லோருக்கும் சொன்னதும் அவள்தான்.

அவள் வகுப்பில் வருகை குறைந்தவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் என் சுற்றறிக்கையைப் படிக்கவே இல்லை. சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்று, "சார், ப்ளீஸ் சார்" என்று கெஞ்சினார்கள். என் உதவியாளர் அவர்களைத் திட்டிவிட்டு, காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி உள்ளே வைத்தார். காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. பதினோராவது ஆள் வேலூரிலிருந்து வர முடியாதவள். எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். "மின்னஞ்சல் செய். அதுதான் செல்லும்" என்று பதில் எழுதினேன். அவளுக்கு நான் சரியாகப் பதில் சொன்ன கடைசி முறை அது.

கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பு அனுப்பினாள். மறுநாள் வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "சார், மெயில் அனுப்பிக்கீறேன். பாத்துட்டு ஒரு ஆங் சொல்லுங்க சார்."

பார்த்தேன். என் ஓய்வூதியத் தாள்கள் மேசையில் பரப்பிக் கிடந்தன. வாட்ஸ்அப் செய்திகள் கவனிக்கப்படா என்று எழுதியவனே கவனித்தால் எப்படி? மனு மின்னஞ்சலில் வந்துவிட்டது, ஆறாவது பத்தி இருக்கிறது, ஒப்புகை தானாகப் போகும். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவள் திரையில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கும். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதை அந்தப் பிள்ளைகள் 'சீன்ல உட்டுட்டாங்க' என்பார்கள். அதைவிட மரியாதைக் குறைவான காரியம் அவர்கள் உலகில் இல்லை என்பதையும் அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

அந்த மின்னஞ்சல் பெட்டியை யாரும் திறக்கவில்லை. உதவியாளர் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன், கணினிப் பிரிவு பார்க்கிறது என்று உதவியாளர் நினைத்தார், கணினிப் பிரிவில் கடவுச்சொல் வைத்திருந்தவர் ஜனவரியிலேயே ஸ்ரீகாளஹஸ்திக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஏப்ரலில், தேர்வு எழுத முடியாதவர்களின் பட்டியல் வந்தது. அவள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயர். அதைப் பலகையில் ஒட்டக் கொடுக்கும் முன் அவளுக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சார்? யாருக்கு இன்னா ஆச்சு சார்?"

விதியைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன்.

"நான் மெயில் அனுப்பினேனே சார்."

"பார்க்கிறேன்."

"நீங்க பாத்தீங்களே சார், என் மெசேஜ."

இதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அவள் குரலில் சந்தேகம்தான் இருந்தது, தன் போன் தவறாகக் காட்டிவிட்டதோ என்பது போல.

ஸ்ரீகாளஹஸ்திக்கு ஆள் அனுப்பிக் கடவுச்சொல்லை வாங்கி, நானே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஆயிரத்துக்கு மேல் படிக்கப்படாதவை. நாற்காலிக் கம்பெனி, பேங்க், கருத்தரங்க அழைப்பு. நடுவில் ஒரு மனுஷி. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, பொருள், பார்வை எல்லாம் நான் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள். பலகையைப் படித்துப் படித்து வந்தது. சான்றிதழ் இணைப்பு சரியாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

குறிப்பு எழுதிக் கோப்பை முதல்வரிடம் கொண்டுபோனேன். "சூப்பரிண்டெண்டெண்ட் காரு, எக்ஸாம் போர்ட்டல் மூடிட்டாங்க. இப்ப இன்னா செய்ய முடியும்? தேர்வுப் பிரிவுக்கு எழுதுங்க" என்றார். எழுதினேன். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். பேச வேண்டாம் என்று பொருள். அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி அந்த செமஸ்டரைப் படிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதை அவளுக்கு எழுதி அனுப்பினேன். "ஆங் சார்" என்று உடனே பதில் வந்தது.

ஏப்ரல் கடைசி நாள் எனக்குச் சந்தன மாலை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். என் நேரம் தவறாமையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

இப்போது சித்தூரில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். அவளைப் பற்றி எங்கள் பழைய அட்டெண்டர்தான் சொன்னார், அவருடைய மச்சினர் ஊர் வரதய்யபாளையத்துக்குப் பக்கம். அம்மாவால் இனி வேலைக்குப் போக முடியாது. பெண் சத்தியவேடு பக்கத்துத் தொழிற்பேட்டையில் செல்போன் பொருத்துகிற கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். உள்ளே போகும்போது சொந்தப் போனை வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரம் யார் என்ன அனுப்பினாலும் அவளுக்குத் தெரியாது.

ஜூனில் அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை என்று வந்தது. அழித்தேன். பிறகு போனை வாயருகே வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குரல்செய்தி பேசினேன். என் தவறு என்று சொன்னேன். யாரால் என்று சொல்லி ஒரு வாக்கியத்தை முடிக்க எனக்கு நான்கு தடவை ஆயிற்று. கறுப்பு அங்கிப் போட்டோவைப் பற்றிச் சொல்ல நினைத்து, சொல்லவில்லை. இரண்டு கோடுகள் வந்தன. மறுநாள் நீலமாயின.

பதில் வரவில்லை.

பழக்க தோஷம், மூன்று வேலை நாள் எண்ணினேன். பிறகு வாரமாக எண்ணினேன். ஆகஸ்டில் எண்ணுவதை நிறுத்தினேன். அந்தாண்ட என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று ஒருவாறு புரிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி தட்டு கையில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. முப்பது விநாடிக் குரல். அதே இழுத்து இழுத்த பேச்சு. நான் வேகத்தைக் கூட்டவில்லை.

"சார், வணக்கம். நான்தான் சார். காலேஜ் ஆபீஸ்லேர்ந்து வெள்ளிக்கிழம மெயில் வந்துக்கீது. மேட்டர் இன்னான்னா, என் லெட்டர் கெடச்சிதாம். டைம் முடிஞ்சிட்டதால பைல மூடிட்டாங்களாம். இனிமே எங்கயும் போவ வேணாம், எதுவும் எடுத்துக்கினு போவ வேணாம். அம்மா பரவால்ல. நீங்க பேசினதும் கேட்டேன் சார். இன்னா சொல்றதுன்னு தெரியல, அதான் லேட்டு. புரியலன்னா தனியா கேளுங்க."

கீழே அந்த மின்னஞ்சலின் படத்தை இணைத்திருந்தாள். பெரிதாக்கிப் படித்தேன். தர ஆய்வுக் குழு வருகிறது போலும். குழு வருவதற்குள் நிலுவை என்று ஒன்றும் இருக்கக் கூடாது. என் இடத்துக்கு வந்தவர் பெட்டியை முழுக்கத் துடைத்திருக்கிறார். 'பார்வை' என்பதற்கு நேரே எங்கள் சுற்றறிக்கை, ஆறாவது பத்தி. மனு பெறப்பட்ட தேதி, மார்ச் இருபத்தொன்று. பதில் அனுப்பப்பட்ட தேதி, நவம்பர் ஏழு.